குஞ்சப்பனை வெயில்

அரவேணுவில் எல்லாக் காரும் அழகுதான்.
மேகம் வந்து மூடிக்கொண்டால்
கீறல் யார் கண்ணில் படும்?
மலையை விட்டு இறங்கியதும்தான்
வெயில் கோள் சொல்லும்.
அழுக்குத் துணி எங்கெங்கே வட்டம் போட்டதென்று
பானெட் முழுக்கச் சிலந்தி வலை விரித்துக் காட்டும்.

போன சீசனில் வாடகைக்கு எடுத்தது ரோட்டரி.
ஒரே அச்சு, நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று.
பெள்ளி கவுடரின் கறுப்பு ஸ்விஃப்டில்
பானெட் விளிம்பில் ஒரு மூச்சு கூடுதலாக நின்றுவிட்டேன்.
தீய்ந்த வாடை வந்து கையை எடுத்தபோது
கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது,
ஐந்து ரூபாய்க் காசளவு.
டச்சப் செய்து கொடுத்தேன்.
குனிந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை,
முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவதென்று
மகளிர் குழுக் கடன் பன்னிரண்டாயிரத்தோடு
நானும் தேவசகாயமும் குன்னூர் பஸ் ஏறினோம்.
கட்டபெட்டு வரைக்கும் அவன் கணக்குச் சொன்னான்:
ரோட்டரி என்றால் நாளைக்கு மூன்று டாக்ஸி,
மற்றது என்றால் ஒன்றரை.
அந்த அரை டாக்ஸி முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்டேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெட்ஃபோர்டில் இஸ்மத் பாய்
இரண்டையும் கவுண்டரில் எடுத்து வைத்தார்.
ரோட்டரி நல்ல கனம். சுவிட்சைத் தொட்டதும்
கயிறு அறுத்த கன்றுபோல் இடப்பக்கம் இழுத்தது.
டூயல் ஆக்‌ஷனோ சுற்றிக்கொண்டே தள்ளாடியது.
"அமுக்கிப் பாருங்க" என்றார் பாய்.
அமுக்கினேன்.
சுழற்சி நின்று நடுக்கம் மட்டும் மிஞ்சியது.
"இதுக்கு ரோஷத்தைப் பாரு" என்று சிரித்தான் தேவசகாயம்.
எனக்கு அந்த ரோஷம் பிடித்துப்போயிற்று.
டீ ஃபாக்டரியில் பதினோரு வருடம் நின்றவள் நான்,
அமுக்க அமுக்க உழைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பாட்டரி வைத்ததும் ஒன்று இருந்தது,
குளிரில் சீக்கிரம் தூங்கிவிடுமாம்.
ஒயர் வைத்ததையே எடுத்தோம், எட்டாயிரத்து எழுநூறு.
மீதியில் பேட் மூன்று, காம்பவுண்ட் ஒரு பாட்டில்,
ஆளுக்கொரு வர்க்கி, டீ.

வியாழக்கிழமை கவுடர் மறுபடி வந்தார்.
திருப்பூர்க்காரர் ஒருவர் வண்டியை விலை பேசியிருக்கிறார்,
ஞாயிறு இறக்க வேண்டும்.
என்னிடமா என்று கேட்க வாய் வரவில்லை.

விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டினேன்.
நெய்போல் உறைந்திருந்த காம்பவுண்டை
வெந்நீர்ச் சொம்பில் நிறுத்தி இளக்கினேன்.
இரண்டடிக்கு இரண்டடி,
நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில்.
மேலே இருக்கும் கிளியர் கோட்
தலைமுடியைவிட மெலிசு.
மெருகு என்று நாம் சொல்வது
அதிலும் கொஞ்சம் சுரண்டி எடுப்பதைத்தான்.

சனிக்கிழமை முடித்தபோது
மேகம் ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றது.
டார்ச் அடித்தால் வெளிச்சம் திரும்பி முகத்திலேயே விழுந்தது.
"சூப்பர்" என்றான் தேவசகாயம்.
நான் சாவியை எடுத்தேன்.

வளைவு வளைவாக இறங்கி
குஞ்சப்பனைக்கு மேலே ஒரு திருப்பத்தில்
நூல் பிடித்தாற்போல் மேகம் முடிந்தது.
பலாப்பழக் கடை ஓரம் நிறுத்தினோம்.
கதவில் தேவசகாயத்தின் பல் தெரிந்தது, பாக்குக் கறையோடு.
சிலந்திகள் எல்லாம் காலி.
பானெட் விளிம்பில் மட்டும் அந்தக் காசு,
கறுப்புக்குள் வேறொரு கறுப்பாக.

அங்கிருந்தே ஃபோனில் சொன்னேன்.
"அதை அவர்கிட்ட முதல்லயே சொல்லிட்டேனே" என்றார் கவுடர்,
"ரெண்டாயிரம் கழிச்சுட்டார்."

பில்லில் இரண்டாயிரத்து ஐந்நூறு எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு ஐந்நூறு என்று போட்டேன்.
தேவசகாயம் பில்லைப் பார்த்தான்,
மெஷின் பெட்டியைப் பார்த்தான்,
பேடைக் கழுவப் போனான்.